திஜானி சொன்ன பதினெட்டு மீட்டர்

திஜானிக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. சஹாரா பாலைவனத்துத் துக்குர்த் ஊரின் கடைத்தெருவில் பேரீச்சம்பழம் வாங்கினால் கூடையைத் தலைகீழாகக் கொட்டி அடியில் கிடப்பதை எண்ணிப் பார்ப்பார். பல் வைத்தியன் சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கினான் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முகாமில் அவருடைய டீ கிளாஸ் பூட்டு போட்ட பெட்டிக்குள் இருக்கும். கம்பெனி புது அளவு நாடா கொடுத்தால் பழைய நாடாவைப் பக்கத்தில் விரித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பையில் போடுவார்.

இப்படிப்பட்ட மனிதரை வீட்டில் வைத்துக் குப்பை கொட்டுவது கஷ்டம். அது அவர் மனைவி மப்ரூகாவுக்குத் தெரியும். ஆனால் எண்ணெய் தேடும் முகாமில் இப்படிப்பட்ட ஒருவர் கட்டாயம் வேண்டும்.

அங்கே வேலை இதுதான். மணல் மேல் நேர்கோடாக ஒரு பாதை போடுவார்கள். அதன் நீளத்துக்கும் காது வைத்தது போல ஆயிரக்கணக்கான சிறு கருவிகளைக் குத்தி வைப்பார்கள். பிறகு அதிர்வு வண்டிகள் வரும். வயிற்றுக்கு அடியிலிருந்து இரும்புத் தட்டை இறக்கித் தரையை அழுத்தி உலுக்கும். அந்த அதிர்வு இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்கி, ஒவ்வொரு பாறை அடுக்கிலும் மோதித் திரும்பி வரும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து, கீழே அடுக்குகள் எப்படிக் கிடக்கின்றன என்று காகிதத்தில் படம் வரைவார்கள். எண்ணெய்க்கு மேலே ஏறும் குணம். எங்காவது அடுக்குகள் மேடாக வளைந்திருந்தால், அந்த மேட்டின் உச்சியில் போய்த் தங்கும். ஆகவே எல்லோரும் தேடுவது மேட்டைத்தான்.

இதில் ஒரு தொந்தரவு உண்டு. காய்ந்த மணலில் அதிர்வு நொண்டி நொண்டிப் போகும். தண்ணீரில் ஊறிய மணலில் ஓடும். தரைக்கு அடியில் எத்தனை மீட்டர் காய்ந்த மணல், எங்கே தண்ணீர் என்று தெரியாவிட்டால் படம் முழுக்கக் கோணிவிடும். அதை ஒவ்வொரு இடத்திலும் சிறு துளை போட்டு அளந்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் திஜானியின் வேலை. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் "தகவல் எங்கிருந்து" என்று இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதில் அவர் எழுதியது ஒன்றே ஒன்று: "நானே அளந்தேன்." முகாம் தலைவர் ஜெல்லூல் மேலிடத்தில் சொல்லுவார், "அந்த ஆளு பேச்சு விஷம். ஆனா அவர் நம்பர் தங்கம்."

திஜானி சூஃப் பகுதிக்காரர். பீர் தர்ஃபா என்ற ஊர். அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். மணலைப் பதினாறு மீட்டர் ஆழத்துக்குப் பெரும் பள்ளமாகத் தோண்டி, அடியில் ஈரம் தட்டும் இடத்தில் பேரீச்சை நடுவார்கள். வேர் தானே போய்த் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். காற்று தினமும் பள்ளத்துக்குள் மணலைக் கொட்டும், மனிதன் தினமும் அதைக் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டுவான். திஜானி ஆறு வயதிலிருந்து பதினேழு வயது வரை அந்தச் சரிவில் மண் சுமந்து ஏறியவர். ஏறி ஏறிச் சலித்துத்தான் எண்ணெய் முகாமுக்கு ஓடி வந்தார். தோட்டம் தம்பி புல்காசெம் கைக்குப் போனது. அறுவடை முடிந்ததும் அண்ணனுக்கு முதல் குலை துக்குர்த்துக்கு வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஓர் அறுவடைக்குப் பிறகு புல்காசெம் அரைக் கூடையோடு வந்தான். பழம் கறுத்து, தோல் உரிந்து, புளித்த வாடை அடித்தது.

"என்னடா இது?"

"தண்ணி மேல ஏறிடுச்சு அண்ணே. வேரு முங்கிக் கெடக்கு. மரம் ஒண்ணொண்ணா போகுது."

திஜானி ஒரு பழத்தைக் கடித்து, வெளியே துப்பினார்.

"சஹாராவுல தண்ணி ஏறிடுச்சா? யார்கிட்டடா கதை விடுற? நல்லதை எல்லாம் சந்தையில தள்ளிட்டு ஆட்டுக்குப் போடுறதை எனக்குக் கொண்டு வந்திருக்கே."

"ஒரு தடவை வந்து பாரு. பாத்துட்டுத் திட்டு."

"நான் வரமாட்டேன். வந்தா அதுக்கும் ஒரு பள்ளத்தைக் காட்டுவே."

மப்ரூகா இரண்டாவது கிளாஸ் டீ ஊற்றியிருந்தாள். மூன்றாவது கிளாஸ் குடிக்காமல் எழுந்து போவது எங்கள் பக்கத்தில் முகத்தில் அறைவதற்குச் சமம். புல்காசெம் எழுந்து போனான். அதற்குப் பிறகு பழமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. திஜானியின் மகள் கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பியும் யாரும் வரவில்லை. சூஃபில் தண்ணீர் ஏறுகிறது என்று பஸ்ஸில், சந்தையில் பேச்சு அடிபடும்போதெல்லாம் திஜானி மூக்கைச் சுளிப்பார். "பட்டணத்துச் சாக்கடை ஓரத்துல ஏறியிருக்கும். அதைச் சொல்லி அரசாங்கத்துகிட்ட கறக்கப் பாக்குறானுங்க. எங்க ஊரு பட்டணத்துக்கு எத்தனை தூரம்!"

எண்பத்தொன்பதாம் வருடத்துக் கோடையில், கம்பெனி போட்ட புதுக் கோடு சரியாக பீர் தர்ஃபா வழியாகப் போனது. தோட்டங்கள் இருக்கும் ஆறு கிலோமீட்டர் பட்டையில் பள்ளத்துக்குப் பள்ளம் நெருக்கம். அதிர்வு வண்டி ஊர் வண்டிப்பாதையைப் பிடித்து எப்படியோ போய்விட்டது. துளை போடும் வண்டியோ சரிவில் நிற்க முடியாமல் திரும்பி வந்தது. ஜெல்லூல் தலையைச் சொறிந்தார்.

"திஜானி, இது உங்க ஊருதானே? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க. கிணறு கிணறா நாடா விட்டுப் பாத்துட்டு வந்துடுங்க."

கிணறு கிணறாகப் போவதென்றால் தம்பி வாசலையும் மிதிக்க வேண்டும்.

"எதுக்குப் போகணும்? அங்க எத்தனை அடியில தண்ணின்னு எனக்குத் தெரியாதா? எங்க அப்பா தோண்டின பள்ளம். மேல் மட்டத்துலேர்ந்து பதினெட்டு மீட்டர். கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

வண்டியின் முன்பக்கக் கம்பியில் உட்கார்ந்து, ஐந்து இடத்துக்கு ஐந்து படிவம் எழுதினார். பதினெட்டு, பதினெட்டரை, பதினெட்டு, பதினேழே முக்கால், பதினெட்டு. கடைசிக் கட்டத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு "சொந்த அறிவு" என்று எழுதினார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் மட்டம் தெரியும் என்பதில் இருக்கும் கர்வம் கொஞ்சமல்ல. தாயின் வயதை மறந்தாலும் அதை மறக்க மாட்டோம்.

நவம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து வஹீபா என்ற இன்ஜினியர் ஒரு சுருட்டிய படத்தோடு முகாமுக்கு வந்தாள். அன்னாபாக்காரி. முப்பது வயது இருக்கும். கடற்கரை ஊர்ப் பேச்சு. சாப்பாட்டுக் கூடாரத்தில் மேசை மேல் படத்தை விரித்தபோது எல்லோரும் கூடிவிட்டார்கள். பீர் தர்ஃபாவுக்கு நேர் கீழே, இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில், அழகான ஒரு மேடு. முப்பது மீட்டர் உயரம், ஆறு கிலோமீட்டர் அகலம்.

"தலைமையில ஒரே சந்தோஷம். அடுத்த வருஷம் அங்க கிணறு போடப் போறாங்களாம்," என்றாள். சொன்னவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. அதைக் கவனித்தது திஜானி மட்டும்தான்.

ஜெல்லூல் அன்று மதியமே ஓர் ஆட்டை அறுக்கச் சொன்னார்.

"மேட்டை நம்பி ஆட்டை வெட்டாதீங்க," என்றார் திஜானி.

"உங்க ஊருக்குக் கீழ எண்ணெய் இருந்தா உங்களுக்கு வயிறு எரியுதா?" என்று கேட்டான் ஸாஸி. அதிர்வு வண்டி ஓட்டுபவன், வாய் நீளம்.

திஜானி படத்தின் மேல் குனிந்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். மேல் அடுக்கு எவ்வளவு மேலே வளைந்திருந்ததோ, நடு அடுக்கும் அவ்வளவே. அடி அடுக்கும் அவ்வளவே. பூமிக்குள் கோடிக்கணக்கான வருடம் எடுத்து வளைந்த மேடு இப்படி இருக்காது. ஆழத்துக்கு ஆழம் மாறும். இது மேலே யாரோ கை வைத்த வேலை. காகிதத்தை ஒரு விரலால் சுருக்கினால் அதில் எழுதிய எல்லா வரியும் ஒன்றாகச் சுருங்குமே, அந்த மாதிரி.

அவருக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வந்தது. யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஸாஸி, உண்மையைச் சொல்லு. தோட்டத்துக்குள்ள வண்டி ஓட்டப் பயந்துகிட்டு, ஒரே எடத்துல நின்னு பத்துத் தடவை உலுக்கிட்டு, பத்து எடம்னு எழுதினியா இல்லியா?"

ஸாஸி கையிலிருந்த எலும்பைத் தட்டில் போட்டான். "வாயை அளந்து பேசுங்க. எல்லாத்தையும் அளக்குறவர்தானே!"

அவன் பொய் சொல்லவில்லை. மறுநாள் திஜானியே வண்டியில் போய் இறங்கி, கோட்டில் நடந்து, தோட்டப் பட்டைக்கு இந்தப் பக்கம் வரை இரும்புத் தட்டுப் பதிந்த தடங்களைக் கணக்குப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தம்பி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பட்டைக்குள் நுழையாமல் திரும்பிவிட்டார். பிறகு கருவிகளை நட்ட கூலிக்காரர்கள் மேல் சந்தேகம். அதுவும் நிற்கவில்லை. கடைசியில் வஹீபாவிடமே வந்தார்.

"அலுவலகத்துல யாராவது மேடு வேணும்னு வரைஞ்சிருப்பாங்க. மேடு காட்டினாத்தானே பெரிய நாற்காலி கிடைக்கும்?"

வஹீபா கோபப்படவில்லை. "எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு சித்தப்பா. அதனாலதான் நானே மொதல்லேர்ந்து கணக்குப் போட்டேன். மறுபடியும் அதே மேடுதான் வருது. அடுக்கு எல்லாம் ஒரே அளவு தூக்கி நிக்குதுன்னு நீங்க பாத்த உடனே கண்டுபிடிச்சீங்க. எனக்கு அதுக்கு மூணு வாரம் ஆச்சு."

திஜானிக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்போ தப்பு மேல் மணல்லதான் இருக்கு."

"ஆமா."

"அந்த நம்பரைக் குடுத்தது எந்தக் கழுதை?"

வஹீபா பையிலிருந்து ஐந்து படிவங்களை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அவர் முன்னால் வைத்தாள். மேடு தொடங்கும் இடத்தில் முதல் படிவம். மேடு முடியும் இடத்தில் ஐந்தாவது. ஐந்திலும் அவர் கையெழுத்து.

அவர் படிவங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரல் உயர்ந்தது. "இது தப்பா இருக்க வாய்ப்பே இல்ல. எங்க அப்பா தோண்டின பள்ளம்மா அது! நான் மண் சுமந்த பள்ளம்!"

"கடைசியா எப்போ அங்க போனீங்க?"

திஜானி மனதுக்குள் கணக்குப் பார்த்தார். அப்பாவை அடக்கம் செய்த வருடம். பத்து வருடம் ஆகியிருந்தது.

"நான் ஒண்ணு பண்ணினேன்," என்றாள் வஹீபா மெதுவாக. "மேடே இல்லேன்னு வெச்சுகிட்டு, அடுக்கு எல்லாம் மட்டமா வர்றதுக்குத் தண்ணி எத்தனை மீட்டர்ல இருக்கணும்னு திருப்பிக் கணக்குப் போட்டேன். பன்னெண்டு வருது. ஆறு மீட்டர் தண்ணி ஏறியிருந்தா எண்ணெயும் இல்ல, மேடும் இல்ல. ஆனா யார்கிட்டயும் இதைச் சொல்லல. அளக்காம சொல்லக் கூடாதுல்ல? சித்தப்பா, அந்த ஊர்ல யாராவது தண்ணி ஏறிடுச்சுன்னு உங்ககிட்ட எப்பவாவது சொன்னாங்களா?"

திஜானி கூடாரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னார்கள். அரைக் கூடைக் கறுத்த பழத்தோடு, வீட்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு கிளாஸ் டீ குடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"இல்ல," என்றார்.

ஆனால் மறுநாள் விடிந்ததும் ஜெல்லூலிடம் வண்டி கேட்டார். வழி நெடுக அவர் மனம் ஒரே பாட்டைத்தான் பாடியது: தம்பி பொய் சொல்லியிருக்க வேண்டும், தம்பி பொய் சொல்லியிருக்க வேண்டும். பொய்யாக இருந்தால்தான் நம்பர் நிற்கும், இருபத்திரண்டு வருடப் பெயர் நிற்கும். ஒரு மனிதன் தன் கூடப் பிறந்தவன் திருடனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போவதைப் போன்ற கேவலம் வேறு இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. தெரிந்தும் வேண்டிக்கொண்டார்.

பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் தவளைச் சத்தம் கேட்டது. பீர் தர்ஃபாவில் தவளை! கீழே பச்சையாக நாணல் மண்டியிருந்தது. நடுவில் கறுப்புத் தண்ணீர். அதற்குள் அப்பா நட்ட மரங்கள் மட்டை இல்லாமல், தலை இல்லாமல், வெறும் தடியாக நின்றன. மிஞ்சியிருந்தது நாற்பது மரம். ஒன்றில்கூட ஒரு பச்சை ஓலை கிடையாது.

சரிவில் ஓர் ஆள் கூடை நிறைய மணலோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஓரத்தில் கொட்டினான். வெறுங்கூடையோடு மேலே ஏறி வந்தான். தாடி நரைத்திருந்தது. புல்காசெம்.

அண்ணனைப் பார்த்து நின்றான். ஸலாம் சொல்லவில்லை. அவன் கண் முதலில் போனது திஜானியின் கையிலிருந்த நாடா மேல்தான்.

"அளக்க வந்தியா?"

திஜானி நாடாவை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அளந்துக்கோ. என் பேச்சை நம்ப மாட்டே, தண்ணிய நம்பு. வீட்டுக் கிணறு அங்கேயேதான் இருக்கு. நான் எதையும் தூக்கிட்டுப் போகல."

திஜானி போனார். கையை என்ன செய்வதென்று தெரியாத மனிதனுக்குத் தெரிந்த வேலை ஒரு துணை. நாடா நுனியில் கட்டிய ஈயக் குண்டைக் கிணற்றில் இறக்கினார். சிறு வயதில் இந்தக் கிணற்றில் கல் போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தது ஞாபகம் வந்தது. இப்போது காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நாடாவில் ஈரம் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பன்னிரண்டு மீட்டர், பத்து சென்டிமீட்டர். மறுபடி இறக்கினார். மறுபடியும் அதேதான். மூன்றாம் முறை இறக்கப் போனவரை புல்காசெம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"போதும் அண்ணே. எத்தனை தடவை இறக்கினாலும் கீழ போகாது."

"எப்போலேர்ந்து?"

"சொன்னேனே. அந்த வருஷம் வேர்ல இருந்துச்சு. அடுத்த வருஷம் முழங்கால். பட்டணத்துல ஆழக் கிணறு போட்டு எறைக்கிறாங்க, குடிச்சு முடிச்ச தண்ணியெல்லாம் இங்கதான் வந்து நிக்குது. உன் மக கல்யாணத்தப்போ நாங்க மரத்தை வெட்டி வித்துகிட்டிருந்தோம். வெறுங்கையோட எப்படி வர்றது? வந்தா அதுக்கும் ஒரு பேரு வைப்பே."

திஜானி வெட்கப்பட்டார். ஐம்பத்து மூன்று வயதில், தன்னைச் சுற்றியிருக்கும் எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்தவர், முதல் தடவையாகத் தன் மேலேயே சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகம் சரி என்றும் கண்டுகொண்டார். உலகத்தில் எல்லாக் கிணற்றிலும் நாடா விட்டவர் தம்பி வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் அளக்காமல் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய அந்தப் பதினெட்டு, பூமிக்குள் இல்லாத மலையை எழுப்பி, அதன் தலையில் எண்ணெயையும் வைத்து, தலைமை அலுவலகத்தையே ஆட வைத்திருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற நான்கு கிணறுகளுக்கும் போனார். அளந்தது அவர், கூடவே வந்து நாடாச் சுருளைப் பிடித்துக்கொண்டது புல்காசெம். திரும்பி வந்து விளிம்பில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு ஐந்து புதுப் படிவம் எழுதினார். இந்தப் படிவங்கள் போய்ச் சேர்ந்தால் மேடு போய்விடும், எண்ணெய்க் கிணறு போய்விடும். ஜெல்லூல் இனி யாரிடமும் தங்கம் என்று சொல்லமாட்டார். அளக்கும் வேலையே போகும் என்று அவருக்குத் தெரியும். அப்படியேதான் ஆனது. ஓய்வு பெறும் வரை, கடைசி மூன்று வருடம் முகாமில் கயிறும் கொடியும் எடுத்துக் கொடுக்கும் கொட்டகையில்தான் இருந்தார். ஸாஸி தினமும் வந்து ஒரு கொடி வாங்கிக்கொண்டு, "எண்ணிப் பாத்துக் குடுங்க சித்தப்பா, நான் திருடன்" என்பான். அவர் தலை குனிந்துகொள்வார்.

முதல் நான்கு படிவத்திலும் "நானே அளந்தேன்" என்று எழுதினார். ஐந்தாவது, வீட்டுக் கிணற்றுடையது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நெடுநேரம் நின்றது.

"என்ன எழுதுறே?" என்று கேட்டான் புல்காசெம். படிவம் பிரெஞ்சில் இருந்தது, அவனுக்கு அந்த எழுத்துத் தெரியாது.

"தகவல் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குறான்."

"நீதானே அளந்தே. உன் பேரைப் போடு."

திஜானி எழுதி முடித்து, படித்துக் காட்டினார்.

"தண்ணி ஏறிடுச்சுன்னு தம்பி புல்காசெம் என்கிட்ட ஏழு வருஷம் முன்னாடியே சொன்னான். இன்னைக்கு அளந்து பாத்தேன். அவன் சொன்னது நிஜம்."

புல்காசெம் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தோள் இரண்டு தடவை குலுங்கியது.

"அதைக் கம்பெனிக்காரன் படிப்பானா?"

"படிப்பான்."

"எழுதித் தந்துட்டா சரியாப் போச்சா?" திரும்பாமலே கேட்டான்.

"போகல. தெரியும்."

காற்று கிளம்பியிருந்தது. மேலிருந்து மணல் சரசரவென்று பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் எங்கள் ஆட்கள் சபித்த மணல். இப்போது அது கீழே போவதுதான் வேண்டும். தூர்த்தால் ஒருவேளை அடுத்த தலைமுறை மேல்மட்டத்தில் எதையாவது நடலாம். புல்காசெம் குனிந்து இரண்டாவது கூடையை எடுத்து அண்ணன் காலடியில் போட்டான்.

"பேனாவ வை. இதை எடு. இருட்டறதுக்குள்ள பத்து நடை போகலாம்."

திஜானி சட்டைப் பையில் பேனாவைச் செருகி, நாடாவை விளிம்பிலேயே வைத்துவிட்டு, மண்ணைக் கூடையில் வாரித் தோளில் ஏற்றினார். அந்தச் சரிவில் பதினோரு வருடம் மண் சுமந்து ஏறிய கால்கள் அவை. மண்ணோடு இறங்க அவற்றுக்குத் தெரியவில்லை. மூன்றாவது அடியில் தடுமாறினார். முன்னால் போன தம்பி திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினான். திஜானி அதைப் பிடித்துக்கொண்டார்.